வெள்ளிக்கிழமை பத்தரை தொடக்கம் பன்னிரண்டு

கிட்ட வந்து இருங்கோ, என்ர ராசாத்தியள். கோட்டைக் கழட்டி வைச்சிட்டு, விறைச்ச கையை ஹீற்றருக்கு மேல கொஞ்ச நேரம் பிடியுங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ. இண்டைக்கு ஒரு கதை சொல்லப்போறன். இதில ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. போன் வயரால கடிதம் அனுப்புற ஒரு பக்ஸ் மெசின் இருக்கு. ஒரு பொம்பிளையின்ர நெஞ்சுக்குள்ள கிடந்து எரிஞ்ச பொறாமை இருக்கு. கேட்டு முடிய, கனநாளாய்க் கதைக்காத ஆருக்கோ நீங்கள் போன் எடுக்கப் பாப்பியள்.

கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கத்தில், ஒட்டினபடி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் ஜெயமலர் இருந்தாள். நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்தவள். இங்கே வந்து அந்தப் பட்டப் பத்திரத்தை எத்தனை கந்தோர்களில் நீட்டினாளோ, அத்தனை பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கையில் கொடுத்தார்கள். கடைசியில் மில்லிக்கன் பக்கத்தில், காருக்குப் பிளாஸ்ரிக் பம்பர் செய்து பெயின்ற் அடிக்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்றில் சோதனை உதவியாள் வேலை கிடைத்தது. ரெண்டு பஸ் பிடித்துப் போவாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு குறை இருந்தது. அடித்த பெயின்ற் ரெண்டு பனிக்காலம் தாண்டினால் உரிந்து வரும். குளிரும், றோட்டில் கொட்டுகிற உப்பும் செய்கிற வேலை. ஜெயமலர், மூடிப்போன ஐஸ்கிறீம் கடையொன்றின் பழைய பிறீசரை வாங்குவித்தாள். அதற்குள் சூடேற்ற லைட்டுகள் பூட்டினாள். வாசல் றோட்டு உப்பை அள்ளி வந்து தண்ணியில் கரைத்தாள். பெயின்ற் அடித்த துண்டை உறைய வைப்பாள், உப்புத்தண்ணி அடிப்பாள், சூடாக்குவாள், திரும்ப உறைய வைப்பாள். நாலு பனிக்காலம் செய்கிறதை அந்தப் பெட்டி பதினெட்டு நாளில் செய்து காட்டும். எல்லாரும் அதை உப்புப் பெட்டி என்றார்கள். முதலாளி நல்ல மனிசன், இத்தாலிக்காரன். முதுகில் தட்டி, "நல்லது ஜே" என்றார். அவளுடைய பேரில் முதல் எழுத்துக்கு அப்பால் ஆறு வருசமாக அவர் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை போன் அடித்தது. பெல்ஜியத்தில் கென்ற் என்கிற ஊரில் இருந்து அன்ரனெற்.

அன்ரனெற்றும் ஜெயமலரும் ஒரே வகுப்பு. ஆய்வுகூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அன்ரனெற் கண்ணாடிக் குழாய் உடைக்கிறவள், பெறுபேறு பிழைத்தால் ஜெயமலரின் கொப்பியை எட்டிப் பார்க்கிறவள். பிறகு அகதியாகப் பெல்ஜியம் போய், கோப்பை கழுவி, அந்த ஊர்ப் பாசை படித்து, சின்னப் பெயின்ற் கொம்பனி ஒன்றில் சேர்ந்தவள். இதெல்லாம் ஜெயமலருக்குத் தெரியும். தெரியாதது அண்டைக்குத்தான் வந்தது.

"மலர், ஒரு விசயம் கேக்கோணும். எங்கட கொம்பனி பிரசெல்ஸில ஆராய்ச்சிக் காசுக்கு விண்ணப்பம் போடுது. நான்தான் இணைப்பாளர்."

"நீயோ?"

"நான்தான். ஏன்டி, நான் குழாய் உடைக்கிறதை விட்டுக் கனகாலம்."

விசயம் இதுதான். நாற்றமடிக்கிற கரைசல் இல்லாமல், வெறும் தண்ணியில் கலக்கிற பெயின்றைப் பிளாஸ்ரிக்கில் ஒட்டப் பண்ண வேணும். ஐரோப்பாவின் பொதுப்பணம் அந்த ஆராய்ச்சிச் செலவில் பாதியைத் தரும். ஆனால் ஒரு கொம்பனி தனியப் போய்க் கையை நீட்ட முடியாது. வெவ்வேறு நாட்டு ஆக்கள் கூட்டாக வரவேணும். பெல்ஜியத்துப் பெயின்ற் கொம்பனி, போர்த்துக்கலில் பிளாஸ்ரிக் வார்க்கிற கொம்பனி, டென்மார்க்கில் ஒரு ஆய்வு நிலையம். இந்த மூன்றும் சரி. குளிரிலும் உப்பிலும் பெயின்ற் நிற்குமோ என்று சோதிக்கத்தான் ஆளில்லை.

"நீ போன மார்கழி நத்தாருக்கு உன்ர உப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னனீ. அண்டு தொடக்கம் எனக்கு அதே யோசினை. கனடாவோட இப்ப ஒரு ஒப்பந்தம் இருக்கு, உங்கட கொம்பனியும் சேரலாம். ஒண்டு மட்டும், பிரசெல்ஸ் காசு கனடாப் பக்கத்துக்கு வராது. உங்கட செலவை நீங்கள் பாக்கோணும். ஆனா முடிவுகள் எல்லாம் உங்களுக்கும் வரும். பேர் வரும்."

"பேர் ஆருக்கு வேணும்," என்று ஜெயமலர் சிரித்தாள். சிரித்தது வாய் மட்டும்.

போனை வைத்த பிறகு கறிக்கு வெங்காயம் வெட்டினாள். ரெண்டு வெங்காயம் போதும், ஐந்து வெட்டிவிட்டாள். இணைப்பாளராம். என்ர கொப்பியைப் பாத்து எழுதினவள். இப்ப என்ர பெட்டியும் வேணுமாம், அதுவும் சும்மா. என்ர பெட்டியை வைச்சு அவள் மேடை ஏறுவாள், நான் இஞ்சை உப்பு அள்ளுவன். இப்படியே மனம் ஓடியது. அன்ரனெற் அழகாக உடுத்திக்கொண்டு, கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபத்தில், நாலு நாட்டு வெள்ளைக்காரருக்கு நடுவில் நிற்பதாகக் கண்ணில் தெரிந்தது. அந்தப் படத்தை அவள் ஒரு கிழமையாகத் துடைத்துத் துடைத்துப் புதிதாக்கி வைத்திருந்தாள். பொறாமைக்கு வேறு சாப்பாடு தேவையில்லை, பிள்ளையள். ஒரு படம் கிடைத்தால் அது தானாகவே வளரும்.

அடுத்த கிழமை அன்ரனெற், முதலாளி கையெழுத்து வைக்கவேண்டிய சம்மதக் கடிதப் படிவத்தோடு நீல அட்டை போட்ட ஒரு கைநூலையும் அனுப்பியிருந்தாள். ஜெயமலர் அதைப் பஸ்ஸில் வைத்துப் படித்தாள். ஐரோப்பாவில் விஞ்ஞானம் நல்லாய்த்தான் இருக்கிறதாம். ஆனால் கண்டுபிடித்ததைக் கடையில் விற்கிற சாமானாக்குவதில் அமெரிக்காவும் ஜப்பானும் முந்திவிட்டார்களாம். அதனால் ஆளுக்கொரு நாடாகத் தனித்தனியே ஆராயாமல், சின்னக் கொம்பனியளையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே வேலையில் இருத்தி, பொதுப்பணத்தைக் கொடுத்து, தொழில்களைத் தூக்கி நிறுத்த வேணுமாம்.

பின்னேரம் புருசன் இரத்தினவேல் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டான். "என்ன எழுதிக் கிடக்கு உந்தப் புத்தகத்தில?"

"பக்கத்து வீட்டுக்காரன் முன்னுக்குப் போயிட்டான் எண்டு ஒரு கண்டமே எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கு," என்றாள். "ஆனா எரிஞ்சுகொண்டு சும்மா இருக்கேல்லை. கூட்டம் வைச்சு, திட்டம் போட்டு, நீல அட்டையும் போட்டிருக்கினம்."

"அப்ப நல்ல மனிசர். எங்கட ஆக்கள் எண்டால் மற்றவன்ர மதிலுக்குக் கல்லெறிஞ்சிருப்பினம்," என்றான் இரத்தினவேல், சாமான் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிக் களைத்த கையால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை.

முதலாளிக்குக் கடிதம் பிடித்துக்கொண்டது. காசு வராவிட்டாலும் பெயின்ற் உரியாத வித்தை வருமே. வியாழக்கிழமை பின்னேரம் கையெழுத்துப் போட்டு, "ஜே, இதை அனுப்பிவிடு" என்று கொடுத்தார். கையெழுத்து வைத்த கடிதம் கையில் இல்லாமல் ஒரு கொம்பனியைக் கூட்டில் சேர்க்க முடியாது. விண்ணப்பப் பெட்டியை அன்ரனெற் தானே பிரசெல்ஸுக்குக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை அவர்களுடைய நேரம் பின்னேரம் ஐந்துக்குள் ஒப்படைக்க வேணும். அந்தக் கந்தோருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதியின் பக்ஸ் மெசினுக்கு முன்னால் நிற்பாள். ரொறன்ரோ நேரம் பதினொரு மணிக்கு முதல் கடிதம் அங்கே போய்விட வேணும்.

ஜெயமலர் கடிதத்தைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை காலமை திரும்பக் கொண்டு வந்தாள். எட்டரைக்கு அனுப்பியிருக்கலாம். ஒன்பதரைக்கும் அனுப்பியிருக்கலாம். உப்புப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

பத்து இருபதுக்கு கிளடிஸ் வந்தாள். கந்தோரில் தபாலும் போனும் பக்ஸும் பார்க்கிறவள், குருநகர்ப் பிள்ளை, ஜெயமலரை விடப் பத்து வயது இளமை.

"மலரக்கா, ஏதோ பெல்ஜியத்துக்குப் போகோணும் எண்டு முதலாளி சொன்னவர். தாங்கோ, அனுப்பிவிடுறன்."

ஜெயமலர் சுவரைப் பார்த்தாள். தமிழ்க் கடையில் வருசப் பிறப்புக்கு இனாமாகக் கொடுத்த கலண்டர் அங்கே தொங்கியது. அந்தச் சொல் அவளுடைய வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது கிளடிஸ். நல்ல காரியம். பன்னிரண்டு கழியட்டும்."

"பத்து நிமிசம் இருக்கே அக்கா."

"பக்ஸ் போய்ச் சேருறதுக்குள்ள தொடங்கிடும். வேண்டாம்."

வேறு யாராவது என்றால், என்ன விசர்க்கதை என்று பறித்து அனுப்பியிருப்பார்கள். கிளடிஸ் வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை. மற்றவையின் நம்பிக்கையில் கை வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். "ஓ, சரி அக்கா. எனக்கு உதுகள் தெரியாது, குறை நினைக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொரு மணியானது. ஜெயமலருக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. சத்தியமாய்ச் சொல்லுறன், சந்தோசமான குளிர்ச்சிதான். போ, இப்ப போய் மேடை ஏறு. பன்னிரண்டு பத்துக்குக் கடிதத்தைத் தன் கையாலேயே அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று மெசின் ஒரு துண்டைத் துப்பியது. அதைக் கவனமாக மடித்துப் பையில் வைத்தாள், ஆரும் கேட்டால் காட்ட.

அண்டைக்குப் பனி கொட்டினபடியால் இரத்தினவேல் காரில் ஏற்ற வந்தான். வாசலில் நின்ற கிளடிஸ் யன்னல் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, நீங்கள் வீட்டில ராகுகாலம் கடுமையாப் பாக்கிறனீங்களோ? நான் தெரியாமல் அக்காவை அந்தரப்படுத்திப்போட்டன்."

இரத்தினவேல் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தான். கார் சிவப்பு லைட்டில் நின்றபோதுதான் வாய் திறந்தான்.

"எங்கட கலியாணப் பதிவு எழுத்து என்ன நேரம் நடந்தது?"

"எனக்கு நினைவில்லை."

"திங்கக்கிழமை காலமை எட்டுமணி. நல்ல ராகுகாலம். என்ர தாய் அழுதவ. 'பூமி சுத்துறதுக்கு ஆரும் நேரம் குறிச்சுக் குடுக்கேல்லை மாமி' எண்டு நீர் சிரிச்சனீர்."

துடைப்பான் கண்ணாடியில் இங்கும் அங்குமாக ஓடியது. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரனெற் எடுத்தாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

"பக்ஸ் வரேல்லை மலர். ஐந்துக்குக் கால்மணி இருக்குமட்டும் நிண்டனான். பிறகு மழைக்குள்ள ஓடிப்போய்ப் பெட்டியைக் குடுத்திட்டன். உங்கட பகுதி இல்லாமல்தான். உன்ர முதலாளி கையெழுத்து வைக்கப் பிந்திட்டாரோ?"

"ஓம்," என்றாள் ஜெயமலர். "அவர் அப்பிடித்தான்."

முதுகில் தட்டிய மனிசனின் தலையில் பழியையும் போட்டாயிற்று.

மூன்று கிழமையில் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. விண்ணப்பத்தின் பிரதி. 'உனக்கும் ஒன்று இருக்கட்டும், அடுத்த முறைக்கு உதவும்' என்று அன்ரனெற்றின் சாய்ந்த எழுத்து. ஜெயமலர் அன்ரனெற்றின் பேர் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணத்தான் அதைத் திறந்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் கை நின்றது.

'நாலாவது வேலைப் பகுதி: குளிரும் உப்பும். பொறுப்பும் சோதனை முறையின் ஆக்கமும்: திருமதி ஜெயமலர் இரத்தினவேல், இரசாயனவியல் சிறப்புப் பட்டம், முதல் வகுப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்.' அதற்குக் கீழே, ஆறு மாதத்துக்கு ஒருக்கா அவள் கென்ற்றுக்கு வந்து எல்லா நாட்டு ஆக்களுக்கும் பெறுபேற்றை விளக்குவாள் என்று இருந்தது. அதற்கும் கீழே அவள் மறந்தே போன ஒரு விசயம்: மூன்றாம் வருசத்தில் அவள் செய்த ஆய்வின் தலைப்பு. இருபது வருசமாக அதை ஆர் நினைவில் வைத்திருந்தது?

அந்தப் பக்கம் முழுக்க, மூலைக்கு மூலை, பேனையால் ஒரு கோடு. அடிமட்டம் வைத்து நேராகக் கீறியது. ஓரத்தில் அன்ரனெற்றின் சுருக்கக் கையெழுத்தும் நேரமும்: நாலு நாற்பத்தாறு. விண்ணப்பத்தைப் புத்தகமாய்க் கட்டி முடித்த பிறகு பக்கத்தைக் கழற்ற முடியாதே. கோடு போட்டு வெட்டத்தான் முடியும்.

அந்தக் கோட்டைக் கீறினது அவளில்லை, நான்தான் என்று ஜெயமலருக்கு விளங்கியது. விளங்கினாலும் பாருங்கோ, பொறாமை உடனே எழும்பிப் போகவில்லை. இதையும் அவள்தானே நல்லவளாய்ச் செய்து வைச்சிருக்கிறாள், இதிலும் என்னை முந்திப்போட்டாளே என்று இன்னொரு எரிச்சல். உறையைத் துவாய் அலுமாரிக்குள் அடியில் ஒளித்து வைத்தாள். அது அங்கே இருக்கிறது என்பது துவாய் எடுக்கிற ஒவ்வொரு நாளும் தெரிந்தது.

ஆனி மாதம் பிரசெல்ஸின் பதில் வந்தது. யோசினை நல்லது, ஆனால் குளிர்ச் சோதனைக்கு ஆளில்லை, பணம் இல்லை. அன்ரனெற் போனில் அழவில்லை. அழுதிருந்தால் ஜெயமலர் தப்பியிருப்பாள்.

"எங்கட கொம்பனியில பதினொரு பேர்," என்றாள். "பெரிய கொம்பனிக்காரர் தண்ணிப் பெயின்றோட வந்தால் நாங்கள் கொம்பனியைப் பூட்டோணும். கார்த்திகையில திரும்ப ஒருக்கா விண்ணப்பம் கேக்கினம். அதுதான் கடைசி. உன்ர முதலாளியிட்ட நான் நேர கதைக்கட்டே? அவருக்கு ஏதும் மனத்தாங்கலோ?"

"அவருக்கு ஒண்டுமில்லை," என்றாள் ஜெயமலர். "அவர் வியாழக்கிழமையே கையெழுத்து வைச்சவர். கடிதம் என்ர பைக்குள்ள கிடந்தது. நான்தான் ராகுகாலம் எண்டு சொல்லி வைச்சிருந்தனான்."

"ராகுகாலமோ? நீயோ?"

"பொய்தான் சொன்னனான்."

"ஏன் மலர்?"

"நீ இணைப்பாளர். என்னை இஞ்சை ஜே எண்டு கூப்பிடுறாங்கள்."

அந்தப் பக்கத்தில் போனை வைக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டது.

ஆடி போனது, ஆவணி போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்தால் வேறு யாரோவாக இருக்கும். ஜெயமலர் இரத்தினவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "எனக்குக் காருக்குள்ளேயே தெரியும். நீராய்ச் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றான். "நீரே எடுத்துக் கதையுமன்." எடுத்தாள். அங்கே ஆரும் தூக்கவில்லை.

ஐப்பசி முடிவில் ஒரு உறை வந்தது. உள்ளே புதிய கடிதப் படிவம். மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை, கோபம் என்ற சொல்லும் இல்லை. சின்னத் துண்டில் நாலு வரி: 'கடைசி நாள் திரும்பவும் வெள்ளிக்கிழமை. உங்கட நேரம் பதினொரு மணி. கன்னியாஸ்திரியளிட்டப் படிச்ச எனக்கு இப்ப ராகுகாலம் பாடம்: வெள்ளி பத்தரை தொடக்கம் பன்னிரண்டு. உன்ர விருப்பம்.'

ஜெயமலர் படிவத்தை அண்டைக்கே முதலாளியின் மேசையில் வைத்தாள். அவர் அமெரிக்காவுக்கு ஓடர் பிடிக்கப் போய்விட்டு, கடைசி வெள்ளிக்கிழமை காலமைதான் வந்தார். பனியில் கார் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது பத்து இருபத்தைந்து. கோட்டும் கழற்றாமல் பேனையை எடுத்தார்.

"இதில பொறுப்பாளர் எண்ட இடத்தில உன்ர முழுப்பேர் கேக்குது ஜே. உன்ர பேர் என்ன?"

அவள் சொன்னாள். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துத் தடக்குப்பட்டார். "நீயே எழுது," என்று பேனையைக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நேரம் பத்து முப்பத்திரண்டு.

ஓடிப்போய் பக்ஸ் மெசினடியில் நின்றாள். கிளடிஸ் அங்கே முன்னால் நின்றாள், முகம் எல்லாம் கவலை. மெசினுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை ராகுகாலம், கிளடிஸின் வடிவான எழுத்தில், சிவப்புக் கோடு போட்டு. பத்து மாதமாக அது அங்கே தொங்குகிறது. அந்த நேரங்களில் ஜெயமலரின் கடிதம் எதையும் அனுப்பாமல் கிளடிஸ் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். ஜெயமலர் அதைக் கண்டும் ஒரு சொல் சொல்லாமல் விட்டுவந்தவள்.

"ரெண்டு நிமிசத்தால தப்பிட்டுதே அக்கா. பன்னிரண்டுக்குப் போட்டால் சரியோ?"

"பன்னிரண்டுக்குப் போட்டால் ஒருத்தி மழைக்குள்ள ஓடுவாள்," என்றாள் ஜெயமலர். "அது பொய் கிளடிஸ். நான் ராகுகாலம் பாக்கிறேல்லை. அண்டைக்கு அவள் நல்லாயிருக்கக்கூடாது எண்டு சொன்ன பொய். உம்மையும் ஏமாத்தினனான்."

கிளடிஸ் அட்டையைப் பார்த்தாள், ஜெயமலரைப் பார்த்தாள். "இதை நான் ரெண்டுதரம் எழுதினனான் அக்கா. முதல்தரம் புதன் பிழைச்சுப் போச்சு," என்றாள். பிறகு கடிதத்தை வாங்கி, நேராக்கி, மெசினுக்குள் வைத்து, "இலக்கத்தைச் சொல்லுங்கோ," என்றாள்.

தாள் மெல்ல மெல்ல உள்ளே போனது. பத்து நாற்பதுக்கு மெசின் திரும்ப அடித்தது. வந்த தாளில் பெரிய சாய்ந்த எழுத்தில் ஒரே ஒரு வரி: 'வந்திட்டுது. உன்ர கையெழுத்து இன்னும் அப்பிடியே கிடக்கு, கொப்பியில இருந்த மாதிரி.'

அடுத்த சித்திரையில் பிரசெல்ஸ் பணம் கொடுத்தது. ஆவணியில் ஜெயமலர் கென்ற்றுக்குப் போனாள். பிளேனில் இருக்கும்போது, அச்சடித்து வந்த புதிய விண்ணப்பப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். முப்பத்தோராம் பக்கம். குறுக்கே கோடில்லை. விரலால் ஒருக்காத் தடவியும் பார்த்தாள். முன் அட்டையில் அன்ரனெற்றின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது, ஜெயமலரின் பேர் உள்ளேதான். அதைப் பார்க்க இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. அதை இறங்கின உடனே அன்ரனெற்றிடமே சொல்லிவிட வேணும் என்று நினைத்துக்கொண்டாள். பைக்குள் ஒரு போத்தலில் மில்லிக்கன் றோட்டு உப்பு இருந்தது.

சரி, தேத்தண்ணிக் கோப்பையைத் தாங்கோ, பிள்ளையள். பனிக்குள்ள கவனமாய்ப் போங்கோ. உங்கட வீட்டு வாசலில நல்ல சேதி பிந்தாமல் வரட்டும். உங்கட பேர் எழுதின தாளில ஒருநாளும் குறுக்குக் கோடு விழாமல் இருக்கட்டும். ஒருத்தற்ற வெளிச்சம் மற்றவற்ற கண்ணைக் கூசாமல், எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுற வீடாய் உங்கட வீடு விளங்கட்டும்.